பூனைக்கு சுகர்: ஊசியா, மாத்திரையா? ஒரு நீண்ட இழை

1/
போன மாசம் எங்க ஆஸ்பத்திரி சுகர் ஓபியில் ஒரு பெரியவர் கேட்ட கேள்வி இது.

"சார், எனக்குக் குடுக்குற மாத்திரையில பாதிய ஒடச்சி பால்ல கலந்து பூனைக்கு குடுத்தா போதாதா?"

சிரிப்பு வரும் கேள்விதான். ஆனா சிரிச்சு அனுப்பியிருந்தா ஒரு உயிர் போயிருக்கும். அதனால்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
பெரியவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். (அவர் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

9 வருஷமா சுகர். மூணு மாத சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 11ஐத் தாண்டிவிட்டது. இன்சுலின் போடச் சொல்லி மூணு தடவை சொல்லியாச்சு. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: "ஊசி வேணாம் சார். அது கடைசி கட்டம். மாத்திரையவே ஏத்திக் குடுங்க."

3/
அவர் மகள் வளர்க்கும் பூனை ஒரு மாசமா குடம் குடமா தண்ணி குடிக்குது, எடை குறையுது, பின்னங்கால் தொய்ஞ்சு நடக்குது. கட்டைப்பையில் துணி போட்டு, மின்சார ரயிலேறி, வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போயிருக்காங்க.

அங்கே சொன்னது: "சர்க்கரை நோய். தினம் ரெண்டு வேளை இன்சுலின்."

தனக்கே வேண்டாம்னு சொன்ன ஊசியை பூனைக்கு எப்படிப் போடுவார்? நேரா என்கிட்ட வந்துட்டார்.

4/
முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நான் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் எம்பிபிஎஸ் டாக்டர். பூனைக்கு மருந்து எழுதுவது கால்நடை மருத்துவர் வேலை. அன்றைக்கு அவரிடம் நான் உறுதியா சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "உங்க மாத்திரை எதையும் பூனைக்குக் குடுக்காதீங்க ஐயா."

அப்புறம் கால்நடை மருத்துவரான நண்பரிடம் கேட்டேன், தேடிப் படிச்சேன். படிக்கப் படிக்க, இது பூனைக் கதை மட்டும் இல்லை, நம்ம கதையும்தான்னு தெரிஞ்சது.

5/
கதை ஒரே மனிதரிடம் தொடங்குது. பெயர் யோசப் ஃபான் மேரிங். ஊர் ஸ்ட்ராஸ்பர்க். அன்றைக்கு ஜெர்மனி, இன்றைக்கு பிரான்ஸ்.

ஆப்பிள் மரப் பட்டையில் இருந்து 1835ல் பிரித்தெடுத்த கசப்பான ஒரு பொருள் உண்டு, ஃப்ளோரிசின். கசப்பா இருந்ததால் கொய்னா மாதிரி காய்ச்சலுக்கு உதவுமான்னு பார்த்தாங்க. 1886ல் மேரிங் அதை நாய்க்குக் கொடுத்தபோது சிறுநீரில் சர்க்கரை கொட்டியது.

இதை மனசுல வச்சுக்கங்க. 20வது பதிவில் திரும்பி வரும்.

6/
அதே மேரிங், 1889ல் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியோடு சேர்ந்து இன்னொரு சோதனை செய்தார். நாயின் கணையத்தை முழுசா எடுத்துட்டா என்ன ஆகும்? பார்க்க நினைச்சது கொழுப்பு செரிக்குமா என்பதை. நடந்தது வேற. வீட்டுக்குள் பழகின நாய், தரையெல்லாம் சிறுநீர் கழிக்க ஆரம்பிச்சது. சோதிச்சுப் பார்த்தால் சர்க்கரை.

சுகர் நோயின் வேர் கணையத்தில் இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்சது அப்படித்தான்.

ஆக, ஊசிக்கான வழியும் ஒரு வகை மாத்திரைக்கான வழியும் ஒரே ஊரில், ஒரே ஆளிடம், மூணு வருஷ இடைவெளியில் திறந்தது.

7/
ஊசி முதலில் வந்தது. 1921ல் டொரண்டோவில் பேண்டிங்கும் பெஸ்ட்டும், மெக்லியட் ஆய்வகத்தில், நாய்களை வைத்தே கணையச் சாற்றைச் சோதித்தார்கள்.

1922 ஜனவரி 11. லியோனார்ட் தாம்சன், வயசு 14, எடை சுமார் 29 கிலோ. முதல் ஊசி சரியா வேலை செய்யலை, போட்ட இடத்தில் சீழ் கட்டிருச்சு. காலிப் என்ற வேதியியலாளர் சாற்றைச் சுத்தம் செய்து கொடுக்க, ஜனவரி 23ல் மறுபடி போட்டார்கள். இந்த முறை சர்க்கரை இறங்கியது. பையன் பிழைச்சான். அதுக்கப்புறம் 13 வருஷம் வாழ்ந்தான்.

8/
அதுக்கு முந்தி இந்த நோய் வந்த குழந்தைகளுக்கு இருந்த வைத்தியம் என்ன தெரியுமா? பட்டினி. எவ்வளவு குறைச்சு சாப்பிடுதோ அவ்வளவு நாள் கூட உயிரோடு இருக்கும். அவ்வளவுதான்.

அந்தக் காலத்துல இன்சுலின் "கடைசி கட்டம்" இல்லை. அதுதான் உயிர். காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துட்டாங்க.

9/
சிக்கல் வேற இடத்தில் இருந்தது. முதல் கால இன்சுலின் சில மணி நேரம்தான் வேலை செய்யும். ஒரு நாளைக்குப் பல ஊசி. 1936ல் டென்மார்க்கில் ஹாகெடோர்ன், மீன் விந்தில் கிடைக்கும் புரோட்டமின் என்ற புரதத்தைச் சேர்த்து வேலை நேரத்தை நீட்டினார். டொரண்டோவில் அதோடு துத்தநாகமும் சேர்த்தார்கள்.

அந்தப் புரோட்டமின் துத்தநாக இன்சுலினை மனித வைத்தியம் எப்பவோ விட்டுடுச்சு. ஆனா பூனை வைத்தியத்தில் அந்த வகை இன்னும் உயிரோடு இருக்கு. 2009ல் அமெரிக்காவில் பூனைக்கென்றே தனி அனுமதி வாங்கியது.

10/
இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 1948. மெட்ராஸ், ஸ்டான்லி அரசு மருத்துவமனை. பேராசிரியர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனி கிளினிக் தொடங்குகிறார். இந்தியாவில் இந்த வகையில் முன்னோடி முயற்சி. பின்னாளில் ராயபுரத்தில் அவர் எழுப்பிய மருத்துவமனை நாடு முழுக்கப் பேர் வாங்கியது.

பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி பக்கம் யாருக்காவது உடம்பு ரொம்ப முடியலைன்னா "ஸ்டான்லிக்குக் கொண்டு போ"ன்னு இன்றைக்கும் சொல்றோம். அதே ஸ்டான்லி.

11/
1948ல் அங்கே வந்த நோயாளிக்கு "ஊசியா மாத்திரையா" என்ற கேள்வியே கிடையாது. மாத்திரையே இல்லை. சாப்பாட்டுக் கட்டுப்பாடு, இல்லாட்டி இன்சுலின்.

அந்த ஊசியை நினைச்சுப் பாருங்க. கண்ணாடி சிரிஞ்சு. ஒவ்வொரு தடவையும் கொதிக்க வைக்கணும். ஊசி தடிமன், மழுங்கினா கல்லில் தீட்டணும். மாட்டுக் கணையத்தில், பன்றிக் கணையத்தில் இருந்து எடுத்த மருந்து. வீட்டில் ஐஸ் பெட்டி கிடையாது.

ஊசி பயம் நம்ம தாத்தா பாட்டிக்கு சும்மா வரலை. காரணம் இருந்தது.

12/
மாத்திரை எப்படி வந்தது? அதுவும் தற்செயல்தான்.

1942, போர்க்காலம். பிரான்சில் மோன்பெலியே நகரம். டைபாய்டு நோயாளிகளுக்கு சல்ஃபா வகையில் புதுசா ஒரு மருந்து கொடுத்தார் ஜான்போன். சிலருக்கு வலிப்பு வந்தது, சிலர் இறந்தே போனார்கள். காரணம், ரத்தத்தில் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கியது.

லூபாத்தியேர் என்பவர் அதே மருந்தை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். கணையம் இருந்தால் சர்க்கரை இறங்குது, கணையத்தை எடுத்துட்டா இறங்கலை. அதாவது, இந்த மருந்து கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்குது.

13/
1950களின் நடுவில் ஜெர்மனியில் இருந்து கார்புடமைடு, 1956ல் டால்புடமைடு. இன்றைக்கு நீங்க சாப்பிடும் கிளிமிபிரைடு, கிளிபிசைடு எல்லாம் அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைகள்.

1957ல் பாரிசில் ழான் ஸ்டெர்ன் மெட்ஃபார்மினைக் கொண்டு வந்தார். அதன் முன்னோர், ஐரோப்பாவில் ஆடு மாடு மேயும் இடங்களில் வளரும் கலேகா என்ற செடி. இந்த மெட்ஃபார்மினில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு, சுகர் வரும் நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006ல் வெளியானது. வாழ்க்கை முறை மாற்றம், அல்லது குறைந்த அளவு மெட்ஃபார்மின், இரண்டில் எதுவானாலும் சுகர் வருவது நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

14/
மாத்திரை வந்ததும் மனசு மாறிப்போச்சு. இது என் கணிப்பு.

மாத்திரை முதல் படி ஆச்சு. ஊசி தானாகவே கடைசிப் படிக்குத் தள்ளப்பட்டது. கால் அழுகி, கிட்னி கெட்டு, கண் மங்கின பிறகு ஊசி ஆரம்பிச்சாங்க. அந்த ஆள் ஆறு மாசத்துல போய்ச் சேர்ந்தா ஊர் என்ன சொல்லும்? "இன்சுலின் போட்டாங்க, போய்ட்டார்."

தீயணைப்பு வண்டி வந்த வீடெல்லாம் எரிஞ்சு போச்சுன்னு வண்டி மேல பழி போடுற மாதிரி.

15/
உண்மை என்ன? இங்கிலாந்தில் 1977ல் தொடங்கி, புதுசா சுகர் வந்த 5,102 பேரைத் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வு ஒண்ணு உண்டு. 9 வருஷம் கழிச்சு, ஒரே ஒரு மருந்தில் சுகர் கட்டுக்குள் இருந்தவர்கள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான்.

நோயாளி தப்பு பண்ணாமலே இது நடக்கும். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் வருஷா வருஷம் குறையுது. இன்சுலின் தேவைப்படுவது தண்டனை இல்லை, தோல்வியும் இல்லை. நோயின் இயல்பு.

16/
இங்கேதான் பூனை உள்ளே வருது.

நாய்க்கு வரும் சுகர் பெரும்பாலும் நம்ம ஊர்க் குழந்தைகளுக்கு வரும் முதல் வகை மாதிரி. இன்சுலின் இல்லாமல் முடியாது. பூனைக்கு வருவது பெரும்பாலும் நம்ம பெரியவங்களுக்கு வரும் இரண்டாம் வகை. உடல் பருமன், வீட்டுக்குள்ளேயே கிடப்பது, மாவுச்சத்து, நடு வயசு. நம்ம கதையேதான்.

17/
ஒற்றுமை வெளியே மட்டும் இல்லை. சுகர் வந்த மனிதக் கணையத்தில் பிசின் மாதிரி ஒரு படிவு இருப்பதை 1901லேயே ஓப்பி கண்டு எழுதினார். அது என்னன்னு 80 வருஷத்துக்கு மேல் புரியலை. 1987ல் ஸ்வீடனின் வெஸ்டர்மார்க் குழு, மனிதக் கணையக் கட்டியில் இருந்தும் சுகர் வந்த பூனையின் கணையத்தில் இருந்தும் அந்தப் படிவை எடுத்து, அது எந்தப் புரதம்னு கண்டுபிடிச்சது. இன்றைக்கு அதன் பெயர் அமைலின்.

இந்தப் படிவு நாய்க்கு வராது. மனுசனுக்கு வரும், பூனைக்கு வரும். நம்ம நோயைப் புரிஞ்சுக்க பூனை உதவியிருக்கு.

18/
அப்ப நம்ம மாத்திரை பூனைக்கும் வேலை செய்யணுமே? அதையும் பார்த்தாங்க. 1997ல் அமெரிக்காவில் 50 பூனைகளுக்கு 50 வாரம் கிளிபிசைடு கொடுத்த ஆய்வு வெளியானது. பாதிக்கும் குறைவான பூனைகளுக்கே பலன். கணையத்தைத் தட்டித் தட்டி வேலை வாங்கினால் அந்தப் பிசின் படிவு கூடிவிடுமோ என்ற கவலையும் வந்தது. மெட்ஃபார்மின் சோதித்த பூனைகளிலும் பெரும்பாலானவற்றுக்கு பலன் இல்லை.

மனுச எடை 60 கிலோ, பூனை எடை 4 கிலோ. "பாதி மாத்திரை"ன்னு உடைச்சுப் போட்டா சர்க்கரை ஒரேயடியாக இறங்கி வலிப்பு வந்து செத்துப்போகலாம். அந்தப் பெரியவர் கேள்விக்கு நான் சிரிக்காததற்குக் காரணம் இதுதான்.

19/
ஆனா பூனை வைத்தியத்தில் இன்சுலின் செய்யும் ஒரு வேலை என்னை அசர வைத்தது.

பூனைக்கு இன்சுலின் கடைசிப் படி இல்லை. பல காலமா அதுதான் முதல் படி. நோய் தெரிந்த உடனே ரெண்டு வேளை இன்சுலின், கூடவே மாவுச்சத்து குறைந்த, இறைச்சி சார்ந்த உணவு. கணையத்துக்கு ஓய்வு கிடைச்சு, கணிசமான பூனைகள் சில மாதங்களில் இன்சுலினே தேவைப்படாத நிலைக்குத் திரும்புது.

மனிதர்களிலும் இதை ஒட்டிய ஆய்வு உண்டு. 2008ல் சீனாவில், புதுசா சுகர் தெரிந்த 382 பேர். ஆரம்பத்திலேயே குறுகிய காலம் தீவிரமா இன்சுலின் போட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர், ஒரு வருஷம் கழிச்சு மருந்தே இல்லாமல் சுகர் கட்டுக்குள் இருந்தார்கள். மாத்திரையில் தொடங்கியவர்களில் அது சுமார் 27 சதவீதம். எல்லாருக்கும் இப்படி நடக்கும்னு அர்த்தம் இல்லை. ஆனா ஊசின்னா முடிவு என்ற நம்பிக்கை தப்புன்னு இது காட்டுது.

20/
இப்ப 5வது பதிவுக்குத் திரும்புவோம். ஆப்பிள் பட்டை.

ஃப்ளோரிசின் செய்த வேலை, சிறுநீரகம் திரும்ப உறிஞ்சும் சர்க்கரையைத் தடுத்து வெளியே அனுப்புவது. ஆனா அது குடலில் சரியா உறிஞ்சப்படாது. அதை மாற்றி அமைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆச்சு. அப்படி வந்தவைதான் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். 2020 அக்டோபரில் இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசின் காப்புரிமை முடிஞ்சு விலை இறங்கினதால், இன்றைக்கு உங்க தெரு மெடிக்கலிலும் கிடைக்குது.

அதே குடும்பத்தில் இருந்து பூனைக்கும் வந்தது. 2022 டிசம்பரில் அமெரிக்காவில் பெக்சாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கு அனுமதி. 2023 ஆகஸ்டில் வெலாகிளிஃப்ளோசின் என்ற வாய்வழி திரவத்துக்கு அனுமதி. இரண்டும் தினம் ஒரு வேளை.

21/
"அப்ப மாத்திரையே போதுமே?" பொறுங்க. அனுமதியோடு கடுமையான எச்சரிக்கையும் சேர்ந்தே வந்தது.

ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்குக் கூடாது. சாப்பிடாமல் சோர்ந்து கிடக்கும், வாந்தி எடுக்கும் பூனைக்குக் கூடாது. கல்லீரல், கணையம், சிறுநீரகம், கீட்டோன் எல்லாம் பார்த்த பிறகே தொடங்கணும், தொடங்கின பிறகும் பார்த்துக்கொண்டே இருக்கணும்.

காரணம், இந்த மருந்து சர்க்கரையை வெளியேற்றும், இன்சுலினைக் கொடுக்காது. கணையத்தில் சுரப்பு மிச்சம் இல்லாவிட்டால் உடம்பு கொழுப்பை எரித்து ரத்தத்தை அமிலமாக்கிவிடும். மீட்டரில் சுகர் நார்மலா காட்டும், உள்ளே பூனை செத்துக்கொண்டிருக்கும்.

22/
இது நமக்கும் பொருந்தும். மனிதர்களுக்கான இதே மருந்துகளுக்கு 2015ல் அமெரிக்க மருந்துத் துறை இதே எச்சரிக்கையைக் கொடுத்தது.

"கிளிஃப்ளோசின்"னு முடியும் மாத்திரை சாப்பிடுபவரா நீங்க? வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல், நீண்ட விரதம், ஆபரேஷன் என்றால் அந்த மாத்திரையை நிறுத்தலாமான்னு உடனே டாக்டரைக் கேளுங்க. மூச்சு வாங்கினால், வயிறு வலித்தால், "சுகர் 160தானே இருக்கு"ன்னு வீட்டில் படுக்காதீங்க. ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க.

23/
ஆக, பூனைக்கு எது? சுருக்கமா:

• புதுசா நோய் தெரிந்த, நல்லா சாப்பிடும், சுறுசுறுப்பான பூனை. இதுவரை இன்சுலின் போடலை. ரத்தப் பரிசோதனைகள் சரி. இதற்கு வாய்வழி மருந்து பற்றிப் பேசலாம்.
• மெலிந்து, சோர்ந்து, சாப்பிடாமல், கீட்டோனோடு வரும் பூனை. இன்சுலின்தான், அதுவும் அவசரமா.
• ஏற்கெனவே இன்சுலினில் இருக்கும் பூனை. இன்சுலினே தொடரணும்.

பயத்தில் பூனைக்கு சுகர் ஏறும். அதனால் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து நோய்னு முடிவு பண்ண மாட்டாங்க. இறுதி முடிவு கால்நடை மருத்துவருடையது.

24/
ஊசி போடுபவர்களுக்கு (பூனைக்கோ உங்களுக்கோ):

• 40 யூனிட் மருந்துக்கு 40 சிரிஞ்சு (சிவப்பு மூடி), 100 யூனிட் மருந்துக்கு 100 சிரிஞ்சு (ஆரஞ்சு மூடி). மாற்றினால் அளவு ரெண்டரை மடங்கு தப்பும்.
• சாப்பிடாத பூனைக்கு வழக்கமான அளவை நீங்களா போடாதீங்க. போன் பண்ணிக் கேளுங்க.
• பூனை தள்ளாடினால், வலிப்பு வந்தால் ஈறில் தேனோ சர்க்கரைக் கரைசலோ தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. வாய்க்குள் ஊற்றாதீங்க.
• பால்சோறு வேண்டாம். ஆனா உணவை மாற்றினால் இன்சுலின் தேவையும் குறையும், சொல்லிட்டு மாத்துங்க.

25/
பெரியவர் கதைக்கு வருவோம். மகளுக்கு நைட் ஷிஃப்ட். வேற வழியில்லாமல் ஊசி போடும் வேலை இவர் தலையில் விழுந்தது. வேப்பேரியில் கத்துக்கிட்டு வந்தார்.

ரெண்டு வாரம் கழிச்சு மாத்திரை வாங்க வந்தவர் என் முன்னாடி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அது கத்தவே இல்ல சார். சாப்புட்டுக்கினே இருக்குது, நான் பின்னால போட்டுடறேன். அதுக்குத் தெரியவே இல்ல"ன்னார்.

நான் ஒண்ணும் சொல்லலை. அவரே கேட்டார்: "எனக்கும் இந்த ஊசி தானா?"

26/
மருந்து வகை வேற, அளவு வேற. ஆனா ஊசி ஏறக்குறைய அதே மெல்லிசு. ராத்திரி ஒரு வேளையில் தொடங்கியிருக்கோம். மாத்திரையும் தொடருது. ஊசியா மாத்திரையான்னு சண்டை போட வைக்கத் தேவையில்லை, பல பேருக்கு ரெண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும்.

பூனைக்கு இன்னும் ஊசி போகுது, அளவு குறைஞ்சிருக்கு. முழுசா நிறுத்த முடியுமான்னு இன்னும் தெரியாது. பெரியவர் சுகரும் இன்னும் நினைச்ச இடத்துக்கு வரலை. ரெண்டு பேரும் ரெவ்யூவுக்கு வந்துட்டு இருக்காங்க, அதுவே பெரிய விஷயம்.

27/
உங்க வீட்டிலும் "ஊசி வேணாம், கடைசி கட்டம்"னு ஒரு அப்பாவோ, அம்மாவோ, மாமாவோ இருப்பாங்க. திட்டாதீங்க. அந்தப் பயத்துக்குப் பின்னாடி கொதிக்க வச்ச கண்ணாடி சிரிஞ்சும், தாமதமா போட்ட ஊசிகளும் இருக்கு. இந்தக் கதையைச் சொல்லுங்க. அடுத்த தடவை ஓபிக்கு வரும்போது கூட வாங்க.

முக்கியமா, வீட்டில் இருக்கும் மனுச மாத்திரையை எந்தப் பிராணிக்கும் உடைச்சுக் குடுக்காதீங்க.

சந்தேகம் இருந்தால் கேளுங்க. டூட்டி முடிச்சு வந்து பதில் சொல்றேன்.